தரையில் நிற்கும் விமானம்

கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஓசூர் மாநகரின் ஒரு பகுதி மூக்கண்டப்பள்ளி. 1970-களில் இப்பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. அதன் பின்னர், கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்களில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. லாரியும் இருசக்கர வண்டியும் கடிகாரமும் இந்நகரிலிருந்து நாடெங்கும் செல்கின்றன. இங்கே தமிழும் தெலுங்கும் கன்னடமும் இந்தியும் ஒரே கூரையின்கீழ்ப் பேசப்படுகின்றன.

இத்தொழிற்சாலைகளிற் புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதற்கண் கற்பிக்கப்படும் பாடம் ஒன்றுண்டு. ஓடும் பொறியினிடத்து எச்சரிக்கை வேண்டும் என்பதைக் கற்பிக்க வேண்டுவதில்லை. அதன் ஓசையே எச்சரிக்கும். நின்றுவிட்ட பொறியினிடத்தே எச்சரிக்கை வேண்டும் என்பதுதான் அப்பாடம். பழுது பார்க்கப் பொறியினுள் கையை நுழைக்குமுன், மின்சாரத்தை நிறுத்தி, விசையைப் பூட்டி, திறவுகோலைத் தம் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, ‘ஆள் வேலை செய்கிறார்’ என்னும் அட்டையைத் தொங்கவிட வேண்டும். நின்ற பொறியை மற்றொருவர் அறியாமல் இயக்கிவிடுதல் கூடும் என்பதே இதன் காரணம்.

இந்த ஒரு நெறியே விமான நிலையங்களிலும் ஆட்சி செய்கிறது. ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுடைய ஓடுதளம் ஒன்று உள்ளது. அதனை உடைய தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் விமான உறுப்புகளைச் செய்தலும், விமானங்களைப் பழுது பார்த்தலும் ஆகிய தொழில்களைச் செய்து வருகிறது. ஓசூரில் 2,000 ஏக்கர் பரப்பில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளத்தக்க பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழ்நாட்டு அரசு 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சட்டமன்றத்தில் அறிவித்தது. ஆதலின் விமானத்தின் அருகே நின்று உழைப்போர் கடைப்பிடிக்க வேண்டிய முறைகளை அறிதல் இப்பகுதி மாணவர்க்கு மிகவும் பொருத்தமாகும்.

விமானம் என்றவுடன் மக்கள் உள்ளம் வானத்தை நோக்குகிறது. ஆபத்து உண்டெனில் அது வானத்திலேதான் உண்டு என்றும், சக்கரம் தரையிற் பதிந்தவுடன் அது நீங்கிவிட்டது என்றும் பலர் எண்ணுவர். ஆயினும் பயணிகள் புறப்பாட்டு வாயிலில் அமர்ந்து கண்ணாடி வழியே பார்க்கும் அந்த நிறுத்துதளம், மிகுந்த கவனத்தை வேண்டி நிற்கும் பணியிடமாகும். இந்நாட்டில் மிகுதியாகப் பறக்கும் ஏர்பஸ் 320 வகை விமானத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 37 மீட்டர் நீளமும், ஏறத்தாழ அதே அளவு சிறகு விரிவும் உடையது. முழுச் சுமையுடன் எழும்போது 70 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ளது. இத்துணைப் பெரிய ஊர்தி ஒரு பயணத்தை முடித்து மறுபயணத்திற்கு ஆயத்தமாக வாயிலில் நிற்கும் காலம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கும் குறைவேயாம்.

அச்சிறு பொழுதிற்குள் நடைபெறும் பணிகள் பலவாகும். பயணிகள் இறங்குவர், அவர்தம் பெட்டிகள் இறக்கப்படும், புதிய பெட்டிகள் ஏற்றப்படும், எரிபொருள் நிரப்பப்படும், உணவும் நீரும் வந்து சேரும், கழிவு நீர் அகற்றப்படும், பொறியாளர் விமானத்தைச் சுற்றி வந்து சோதிப்பார். ஏணி வண்டி, எரிபொருள் லாரி, உணவு வண்டி, பெட்டிகளை ஏற்றும் பட்டை வண்டி, இழுவை வண்டி எனப் பலவகை ஊர்திகள், திருவிழாக் காலத்துத் தேரைச் சூழ்ந்த கூட்டம்போல், விமானத்தைச் சூழ்ந்துகொள்ளும். தேரோட்டத்தில் வடம் பிடிப்போரும், சக்கரத்திற்குக் கட்டை போடுவோரும், முன்னின்று கையசைப்போரும் தத்தம் இடத்தை அறிந்து நிற்பதனால் தேர் நிலைக்கு வந்து சேருகிறது. ஒருவர் இடம் தவறினும் உயிருக்கு இடர் நேரும். நிறுத்துதளத்தின் இயல்பும் அத்தகையதே.

விமானம் வாயிலை நெருங்கும்போது அதன் முன்னே ஒருவர் இரு கைகளிலும் ஒளிக்கோல்களை ஏந்தி நிற்பார். அவர் வழிகாட்டுநர் எனப்படுவர். விமானி தம் இருக்கையிலிருந்து சிறகின் நுனியையும், சக்கரம் பதியும் இடத்தையும் செவ்வனே காண இயலாது. ஆதலால் வழிகாட்டுநரின் கைகளே விமானிக்குக் கண்களாகின்றன. இரு கோல்களையும் தலைக்குமேல் குறுக்காக வைத்தால் ‘நில்’ என்பது பொருள். கைகளை மேலே நீட்டிக் கோல்களின் நுனிகளை உள்நோக்கிக் கொணர்ந்து பொருத்தினால் ‘சக்கரத்திற்குக் கட்டை இடப்பட்டது’ என்பது பொருள். வெளிநோக்கி அசைத்தால் ‘கட்டை எடுக்கப்பட்டது’ என்பது பொருள்.

இவ்வடையாளங்கள் ஓர் ஊருக்கோ ஒரு நாட்டிற்கோ உரியன அல்ல. 1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்க நாட்டுச் சிகாகோ நகரில் 52 நாடுகள் கூடி விமானப் போக்குவரத்து உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. அவ்வுடன்படிக்கையின் வழியே பிறந்த பன்னாட்டு அமைப்பு இந்த அடையாளங்களை உலகெங்கும் ஒரே தன்மையவாக வகுத்துள்ளது. எஞ்சினின் பேரோசையில் அருகில் நிற்பவர் பேச்சும் காதில் விழாது. காதுகளைக் காக்கப் பணியாளர் அணியும் உறையும் ஓசையைத் தடுக்கும். சீனத்து விமானியும் தமிழ்நாட்டு வழிகாட்டுநரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். எனினும் கையசைவில் ஐயம் பிறப்பதில்லை. பல மொழியாளர் கூடி உழைக்கும் மூக்கண்டப்பள்ளி போன்ற ஊரினர் இதன் அருமையை எளிதில் உணர்வர்.

விமானம் நின்றவுடன் பணியாளர் ஓடிச் சென்று அதனைச் சூழ்தல் ஆகாது. விமானத்தின் மேலும் கீழும் விட்டு விட்டு மின்னும் செவ்விளக்குகள் உள்ளன. ‘எஞ்சின் இயங்குகிறது, அல்லது இயங்கப் போகிறது’ என்று அவை அறிவிக்கின்றன. அவ்விளக்குகள் அணையும் வரையில் பிற ஊர்திகளும் பணியாளரும் குறித்த எல்லைக்கு வெளியே காத்திருத்தல் வேண்டும். விளக்கு அணைந்து, எஞ்சினின் விசிறி சுழற்சி அடங்கி, சக்கரங்களுக்குக் கட்டை இடப்பட்ட பின்னரே அணுகலாம்.

விமானத்திற்குத் தடைக்கருவி இருக்கும்போது கட்டை எதற்கு என்று மாணவர் வினவக்கூடும். நிறுத்திய விமானத்தின் தடை, குழாய்களில் உள்ள நெய்மத்தின் அழுத்தத்தால் பிடித்துக்கொண்டிருப்பது. நெடுநேரம் நிற்குமாயின் அவ்வழுத்தம் சிறிது சிறிதாகக் குறைந்து பிடி தளரக்கூடும். மேலும், மழைநீர் வடியும்பொருட்டு நிறுத்துதளம் கண்ணுக்குத் தோன்றாத சிறு சாய்வுடன் அமைக்கப்பட்டிருக்கும். சாலையோரம் லாரியை நிறுத்தும் ஓட்டுநர் சக்கரத்திற்குக் கல்லோ கட்டையோ வைக்கும் அதே காரணம் இங்கும் உண்டு.

எஞ்சினைக் கண்டு அஞ்சவேண்டியது ஏன்? ஜெட் எஞ்சின் முன்புறத்தே காற்றைப் பேரளவில் உள்ளிழுத்து, பின்புறத்தே கடுவேகத்துடன் வெளியேற்றுகிறது. மிகக் குறைந்த வேகத்தில் இயங்கும்போதும், போயிங் 737 போன்ற விமானத்தின் எஞ்சினுக்கு முன்னே ஏறத்தாழ 3 மீட்டர் அளவுக்குள் நிற்பவர் உள்ளிழுக்கப்படக்கூடும். வேகம் மிகும்போது அவ்வெல்லையும் விரியும். பின்புறத்துக் காற்றோ பல பத்து மீட்டர் தொலைவு வரை ஆளையும் வண்டியையும் தள்ளவல்லது. இரண்டும் கண்ணுக்குப் புலப்படா என்பதே பெருங்கேடு. சுழல்விசிறியாற் பறக்கும் சிறு விமானங்களிலும் இந்நிலையே. வேகமாகச் சுழலும்போது அதன் இலைகள் கண்ணுக்கு மறைந்து, அவ்விடம் வெற்றிடம்போல் தோன்றும்.

இதற்குச் சான்றாக வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, மும்பை விமான நிலையத்தில் ஐதராபாத்துக்குப் புறப்படவிருந்த ஏர்பஸ் 319 விமானம், வாயிலிலிருந்து இழுவை வண்டியாற் பின்னே தள்ளப்பட்டது. அப்பணியில் ஈடுபட்டிருந்த தரைப்பணியாளர் ஒருவர் விலகிச் செல்லுமுன்னரே, இயங்கும் எஞ்சினுடன் விமானம் நகர்ந்தது. எஞ்சின் அவரை உள்ளிழுத்தது. அவர் உயிர் நீத்தார். ஆண்டுகள் பல அனுபவம் உடைய துறையில், தேர்ந்த விமானிகளும் தேர்ந்த பணியாளரும் கூடியிருந்த இடத்தில், ‘எல்லாரும் விலகிவிட்டனர்’ என்னும் ஓர் எண்ணம் உறுதிசெய்யப்படாமல் நின்றது. அவ்விடைவெளியிலேதான் ஓர் உயிர் மறைந்தது.

இத்தகைய கேடு நேராவண்ணம் வகுக்கப்பட்ட முறை ஒன்று அறியத்தக்கது. விமானத்தைப் பின்னே தள்ளும்போது, அதன் முன்சக்கரம் விமானியின் திருப்புவிசைக்கு உட்படாதபடி ஓர் ஆணி செருகப்படும். அவ்வாணியில் நீண்ட சிவப்புப் பட்டை தொங்கும். பணி முடிந்ததும் அதனை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிடின் விமானி சக்கரத்தைத் திருப்ப இயலாது. ஆணியை எடுத்தவர் ‘எடுத்துவிட்டேன்’ என்று வாயாற் சொல்லி அமைதல் போதாது. அவர் விமானத்தின் பக்கவாட்டில், விமானிக்கு நன்கு தெரியுமாறு, தொலைவில் நின்று, அவ்வாணியைக் கையில் உயர்த்திப் பிடித்துச் சிவப்புப் பட்டையைக் காட்டவேண்டும். விமானி அதனைக் கண்டு, தாமும் கையசைத்து ஏற்றுக்கொள்ளவேண்டும். அதன் பின்னரே விமானம் நகரலாம்.

இச்சிறு செயலில் எத்துணை நுட்பம் பொதிந்துள்ளது! கையில் உள்ள ஆணி சக்கரத்தில் இருத்தல் இயலாது. எதிரே தெரியும் மனிதர் சக்கரத்தின் அருகில் இருத்தல் இயலாது. ஆகவே ஒரே காட்சியால் இரண்டு உண்மைகள் மெய்ப்பிக்கப்படுகின்றன. சொல்லை நம்பாமல் பொருளைக் காட்டுதலும், காட்டியதைக் கண்டதாக மறுமொழி தருதலும் ஆகிய இரண்டுமே நிறுத்துதளப் பாதுகாப்பின் உயிர்நாடி எனலாம்.

எஞ்சின் முற்றும் நின்றிருந்தாலும் ஆபத்து முற்றும் நீங்கியதாகக் கொள்ளலாகாது. 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கொல்கத்தா விமான நிலையத்தில், நிறுத்தப்பட்டிருந்த சுழல்விசிறி விமானம் ஒன்றின் சக்கர அறையில் இளம் பணியாளர் ஒருவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். நெய்மத்தின் அழுத்தத்தால் இயங்கும் சக்கர அறைக் கதவுகள் திடீரென மூடிக்கொண்டன. அவற்றின் இடையில் அகப்பட்ட அவரை மீட்க முடியவில்லை. தொழிற்சாலையில் விசையைப் பூட்டித் திறவுகோலைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் நெறி எதற்காக ஏற்பட்டதோ, அதே காரணம் இங்கும் வெளிப்படுகிறது. கதவு மூடாதபடி தடையிட்டபின் உள்ளே செல்லுதலும், விசையைத் தொடுமுன் உள்ளே எவரும் இல்லை என்பதைக் கண்ணாற் காணுதலும் ஒருங்கே நிகழவேண்டும்.

இறங்கிய விமானத்தின் சக்கரங்களும் எச்சரிக்கைக்கு உரியவை. அவற்றுள் அடைக்கப்பட்ட காற்றின் அழுத்தம் காரின் சக்கரத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதி. ஓடுதளத்தில் விரைந்து வந்து நின்றமையால் தடைகள் மிகவும் சூடேறியிருக்கும். அச்சூட்டினால் சக்கரம் வெடிக்குமாயின் அதன் சிதறல் பெரும்பாலும் பக்கவாட்டிலேயே பாயும். ஆதலால், சூடான சக்கரத்தை முன்புறமாகவோ பின்புறமாகவோ அணுகவேண்டுமே யன்றி, அச்சின் நேரே பக்கவாட்டில் அணுகலாகாது என்று பணியாளருக்குக் கற்பிக்கின்றனர்.

எரிபொருள் நிரப்புதல் தனிக் கவனத்திற்கு உரியது. எரிபொருள் குழாயில் விரைந்து ஓடும்போது உராய்வினால் நிலைமின்சாரம் உண்டாகும். அது பொறியாக வெடித்தால் ஆவியில் தீப்பற்றக்கூடும். இதனைத் தடுக்க, குழாயைப் பொருத்துமுன் லாரியையும் விமானத்தையும் ஓர் உலோகக் கம்பியால் இணைப்பர். இருபுறமும் மின்நிலை ஒத்துவிடுவதால் பொறி தோன்றுதற்கு இடமில்லை. குழாயைக் கழற்றிய பின்னரே கம்பியைக் கழற்றவேண்டும், இம்முறை மாறலாகாது. மற்றும், எரிபொருள் லாரி எவ்வகைத் தடையுமின்றி நேரே முன்னோக்கி விலகிச் செல்லும்படி நிறுத்தப்பட்டிருக்கும். அதன் முன்னே வேறெந்த ஊர்தியும் நிற்றல் கூடாது. தீ நேருமாயின் வண்டியைத் திருப்பவும் பின்னே எடுக்கவும் பொழுதிராது என்பதை முன்னரே எண்ணி வகுத்த ஏற்பாடு இது.

நிறுத்துதளத்தில் ஓடும் ஊர்திகளைப் பற்றியும் அறிதல் வேண்டும். அங்கே வண்டிகள் மெல்லவே செல்லவேண்டும். விமானத்தை அணுகும் ஒவ்வொரு வண்டியும், தொலைவிலேயே ஒருமுறை நின்று, தன் தடை செவ்வனே பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டபின், அடி அடியாக நெருங்கவேண்டும். பின்னோக்கிச் செல்லும் வண்டிக்கு ஒருவர் இறங்கி நின்று வழிகாட்டவேண்டும். சிறகின் நுனிகளையும் எஞ்சின்களையும் சுற்றிச் செந்நிறக் கூம்புகள் வைக்கப்படும். விமானத்தின் சிறகுக்கடியில் குறுக்குவழி தேடி வண்டியோட்டுதல் பெருங்குற்றமாகக் கருதப்படும்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், ஓசூர் மக்கள் நன்கறிந்த பெங்களூர்க் கெம்பேகௌடா விமான நிலையத்தில், பணியாளரை ஏற்றிச் செல்லும் வேன் ஒன்று, எஞ்சின் பழுதிற்காக நிறுத்திவைக்கப்பட்டிருந்த விமானத்தின் அடியிற் சென்று மோதியது. வேனின் மேற்கூரை நசுங்கியது. அசையாமல் நின்ற ஊர்தியின்மேல் அசையும் ஊர்தி மோதிய இந்நிகழ்ச்சி, ‘நிற்கும் விமானத்தால் என்ன நேரும்?’ என்னும் எண்ணத்தின் பிழையை நன்கு காட்டுகிறது. உறக்கமும் சோர்வும் ஓடுதளத்தின் பகைவர்களே. ஓய்வின்றி உழைத்தலை வீரமெனக் கொள்ளாமல், சோர்ந்தவர் தம் சோர்வை வெளிப்படச் சொல்லுதலும் காவலின் ஒரு கூறாகும்.

மோதல் பெரிதாயின் எல்லாரும் அறிவர். சிறிதாயின் என் செய்வது? இங்கேதான் மனிதருடைய நேர்மை சோதிக்கப்படுகிறது. 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அமெரிக்க நாட்டுச் சியாட்டில் நகரில், பெட்டிகளைக் கையாளும் பணியாளர் ஒருவரின் வண்டி விமானத்தின் உடலில் உராய்ந்தது. அவர் அதனை எவரிடமும் அப்பொழுது கூறவில்லை. விமானம் எழுந்து ஏறத்தாழ 26,000 அடி உயரத்தை எட்டியபோது, உராய்ந்த இடம் கிழிந்து, ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள துளை தோன்றியது. உள்ளிருந்த காற்று பேரோசையுடன் வெளியேறியது. பயணிகள் உயிர்க்காற்று உறைகளை அணிந்து அஞ்சி அமர்ந்திருந்தனர். விமானிகள் விரைந்து கீழிறக்கிச் சியாட்டிலுக்கே திரும்பியமையால் அனைவரும் உயிர் பிழைத்தனர்.

தரையில் கீறலாகத் தோன்றியது வானில் துளையாக மாறியது எவ்வாறு? உயரே செல்லச் செல்ல வெளிக்காற்றின் அழுத்தம் குறையும்; 35,000 அடி உயரத்தில் அது தரையில் உள்ளதில் நான்கில் ஒரு பங்கே இருக்கும். பயணிகள் மூச்சு விடும்பொருட்டு விமானத்தின் உள்ளே அழுத்தம் மிகுத்துவைக்கப்படும். ஊதிய தோற்பைபோல் விமானத்தின் உடல் உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்தப்படுகிறது. எங்கே சிறிது மெலிவு உண்டோ அங்கே அது கிழியும். போயிங் 787 போன்ற புதிய விமானங்களின் எடையிற் செம்பாதி, இழைகளைப் பிசினில் அழுத்திச் செய்த கலவைப் பொருளால் ஆனது. அலுமினியத் தகடு அடிபட்டால் குழி விழும், கண்டுகொள்ளலாம். கலவைப் பொருளோ மேற்புறம் மாறாதிருக்க, உள்ளே சிதைந்திருத்தல் கூடும். ஆதலால், ‘வடு ஒன்றும் இல்லையே’ என்று தானே முடிவு செய்யும் உரிமை வண்டி ஓட்டியவருக்கு இல்லை. உரசியதாக ஐயம் தோன்றினும் உடனே தெரிவித்து, பொறியாளர் சோதிக்கும் வரையில் விமானத்தை நிறுத்திவைத்தல் வேண்டும்.

இவ்வாறு தெரிவிப்பவரைக் கடிந்து தண்டிப்பாராயின், அடுத்த முறை எவரும் வாய் திறவார். வேண்டுமென்றே விதியை மீறியவர் வேறு. அறியாமல் தவறி, உடனே உண்மை உரைத்தவர் வேறு. இவ்வேறுபாட்டை அறிந்து நடக்கும் தலைமையே நல்ல தலைமையாகும். ஒரு மணி நேரத் தாமதத்தால் நேரும் பொருளிழப்பைக் கணக்கிட்டு ஈடுசெய்துவிடலாம். பறக்கும் விமானத்தில் உள்ளோர் உயிருக்கு ஈடேது?

தளத்திற் கிடக்கும் சிறு பொருள்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. திருகாணி, கம்பித் துண்டு, பெட்டியிலிருந்து உடைந்த சக்கரம், நெகிழித் தாள் ஆகிய எதுவாயினும் எஞ்சின் அதனை உள்ளிழுத்துச் சிதையும். சக்கரம் அதன்மேல் ஏறிக் கிழியும். 2000-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பாரிசு நகருக்கு அருகே கான்கார்டு விமானம் எரிந்து வீழ்ந்து 113 பேர் மாண்டனர். முன்னர்ச் சென்ற மற்றொரு விமானத்திலிருந்து ஓடுதளத்தில் விழுந்து கிடந்த ஓர் உலோகப் பட்டை, அதன் சக்கரத்தைக் கிழித்ததே அப்பெருங்கேட்டிற்குத் தொடக்கமாயிற்று. இதனால், விமான நிலையங்களில் பணியாளர் வரிசையாக நின்று, களை பறிப்போர்போல் குனிந்த பார்வையுடன் தளம் முழுதும் நடந்து, கிடப்பனவற்றைப் பொறுக்கும் வழக்கம் உண்டு. அவ்வரிசையில் உயர் அலுவலரும் கடைநிலைப் பணியாளரும் அருகருகே நடப்பர்.

பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. பெரிய நிலையங்களில் அவர்கள் மூடிய பாலத்தின் வழியே விமானத்தினுள் செல்வர். சேலம் போன்ற சிறிய நிலையங்களில் தளத்தின்மீது நடந்து சென்றே ஏறவேண்டும். அப்போது வரையப்பட்ட கோட்டிற்குள் நடத்தல், சிறகின் கீழும் சுழல்விசிறியின் அருகும் செல்லாதிருத்தல், படம் எடுக்கும் ஆவலால் நின்று பின்தங்காதிருத்தல், குழந்தைகளின் கையைப் பற்றிச் செல்லுதல், பறக்கக்கூடிய தாள்களையும் தொப்பிகளையும் இறுகப் பிடித்தல் ஆகியவை அவர்தம் கடமைகளாம்.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து ஒரு வினா எழுகிறது. விதிகள் இத்துணைத் தெளிவாக இருந்தும் விபத்துகள் ஏன் நிகழ்கின்றன? அறியாமையே காரணமாயின் புதியவரே மிகுதியும் தவறவேண்டும். ஆயின் பல்லாண்டு பழகியவரும் தவறுகின்றனர். நூறு முறை செய்து தீங்கின்றி முடித்த செயல், நூற்றொன்றாம் முறையும் அவ்வாறே முடியும் என்னும் மனமகிழ்ச்சியில் கவனம் தளர்கிறது. இந்த நிலையைத் திருவள்ளுவர் ‘பொச்சாப்பு’ என்னும் சொல்லாற் குறிக்கிறார். மகிழ்ச்சியினாலும் செருக்கினாலும் தம் கடமையை மறத்தல் என்பது அதன் பொருள். அதனை விலக்கும்பொருட்டுப் பொருட்பாலில் ‘பொச்சாவாமை’ என ஓர் அதிகாரமே வகுத்தார். நாடாளும் மன்னனுக்கு உரைக்கப்பட்ட அவ்வறம், சக்கரத்தடியில் கட்டை இடும் பணியாளருக்கும் பொருந்துவதாகும்.

பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வழக்கம் இப்பொச்சாப்பை வெல்வதற்கென்றே ஏற்பட்டது. நன்கு தெரிந்த செயலுக்கும் பட்டியல் எதற்கு என்று எள்ளுதல் பேதைமை. நினைவு களைப்புறும், பட்டியல் களைப்புறாது. ஒருவர் கூறியதை மற்றவர் திருப்பிக் கூறுதலும் அத்தகையதே. ‘வலப்புறம் தெளிவு’ என்று ஒருவர் கூற, ‘வலப்புறம் தெளிவு’ என்று மற்றவர் மறுமொழி கூறுவது வீண் சொல்லன்று. இருவர் உள்ளத்திலும் ஒரே செய்தி பதிந்தது என்பதற்கு அதுவே சான்று. ஐயம் தோன்றியவுடன் பணியை நிறுத்தும் உரிமை, பதவி வேற்றுமையின்றி அங்குள்ள ஒவ்வொருவருக்கும் உண்டு. முதல் நாள் பணிக்கு வந்த இளைஞர் இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காக வைப்பாராயின், முப்பது ஆண்டு பறந்த விமானியும் நிறுத்தவே வேண்டும்.

விமானத்தில் ஏறும் பயணிகள் விமானியின் குரலைக் கேட்பர். பணிப்பெண்களின் முகத்தைக் காண்பர். வெயிலிலும் மழையிலும் தளத்தில் நின்று, சக்கரத்திற்குக் கட்டை இட்டு, கம்பியை இணைத்து, ஆணியை எடுத்து உயர்த்திக் காட்டும் பணியாளரை அவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. நாளை மூக்கண்டப்பள்ளியிலிருந்தும், பாகலூரிலிருந்தும், தளியிலிருந்தும் பல இளைஞரும் நங்கையரும் அப்பணிக்குச் செல்லக்கூடும். அவர்கள் கற்கவேண்டிய விதிகள் பலவாயினும் அவற்றின் சாரம் சிலவே: நிற்பதை நின்றுவிட்டதாக எண்ணாதே, கண்ணாற் காணாததை நடந்ததாகக் கொள்ளாதே, நேர்ந்த பிழையை மறையாதே. இம்மூன்றையும் மறவாது போற்றுவோர் தம் உயிரைக் காப்பதோடு, முகம் அறியாத பலருடைய உயிரையும் காத்தவராவர்.